கொல்கத்தா வண்டிகளும் இஞ்சின் ஆயிலின் ஆயுளும்

இஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது என்ற கேள்வி மோட்டார் வண்டி அளவுக்கே பழையது. 1950-களின் பிரிட்டிஷ் கார்களுக்கு 2,000 மைல், 3,000 மைல் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஏறத்தாழ அதே அளவு 5,000 கிலோமீட்டர் என்ற முழு எண்ணாக இந்திய மெக்கானிக்குகளின் வாயில் நிலைத்துவிட்டது. இன்று மாருதி தன் பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்கிறது. ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் 15,000 என்கிறது. அதே நிறுவனம் ஐரோப்பாவில் தன் லாங்லைஃப் தரத்து ஆயிலுக்கு 30,000 கிலோமீட்டர் அல்லது ஈராண்டு வரை இடம் தருகிறது. சிந்தெடிக் ஆயில் விற்பவர்கள் இதற்கும் மேலே போகிறார்கள். ஒரே இஞ்சினுக்குள் ஓடும் ஒரே வகைத் திரவத்தின் ஆயுள் பற்றி இத்தனை விடைகள் இருப்பதற்கு வியாபாரப் போட்டி ஒரு காரணம்தான், முழுக் காரணம் அன்று. ஒவ்வொரு விடையும் ஒரு குறிப்பிட்ட எரிபொருளையும், சாலையையும், ஓட்டும் பழக்கத்தையும் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது.

கொல்கத்தாவை வைத்து இதைப் பார்ப்பதற்கு வசதி உண்டு. 1867-இல் தொடங்கிய பால்மர் லாரி, நெடுங்காலம் டைட் வாட்டர் ஆயில் என்ற பெயரில் வீடால் எண்ணெயை விற்ற நிறுவனம், இரண்டுக்கும் தலைமையிடம் இந்நகரமே. ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1975-இல் இயங்கத் தொடங்கிய ஹால்தியா சுத்திகரிப்பு ஆலை மசகெண்ணெய்க்கு வேண்டிய அடிப்படை எண்ணெயைத் தயாரிக்கிறது. மசகெண்ணெய் வாணிபத்தில் இவ்வளவு ஊறிய ஊர், அந்த எண்ணெயை மிக மோசமாக வதைக்கும் சாலைகளையும் கொண்டிருக்கிறது. ஆயிலின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டப்பாவுக்குள் இருப்பதைவிட, இஞ்சினில் அதற்குள் வந்து விழுவதுதான். சிந்தெடிக் என்ற தகுதி மட்டும் இடைவெளியை நீட்டப் போதாது. இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் நிலை. பழைய 5,000 கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்ற வேண்டும் என்பது இதன் பொருள் அன்று.

பழைய கணக்கின் நியாயம்

குறைந்த இடைவெளியை வெறும் மூடப்பழக்கம் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் பிழை. அக்கால ஆயிலில் அழுக்கைக் கரைத்துத் தாங்கிப் பிடிக்கும் சேர்மங்கள் குறைவு. கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்துக் கிளப்பும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். பிஸ்டன் ரிங்குகளின் இறுக்கமும் காற்று வடிகட்டியின் திறனும் இன்றைய அளவுக்கு இல்லை. உத்தரபாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி 1950-களின் இறுதியில் வெளியிட்ட அம்பாசடர், 2014 மே மாதம் ஆலை நின்ற பின்னும் டாக்சியாக ஓடியது. அதற்கு அடிக்கடி ஆயில் மாற்றிய ஓட்டுநர் முட்டாள் அல்லர்.

டீசல் வண்டிகளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அந்த அமிலத்தை முறிக்க ஆயிலில் காரத்தன்மையுள்ள சேர்மங்களைக் கலக்கிறார்கள். இந்தக் காரக் கையிருப்பு தீர்ந்துபோகும் வேகம்தான் டீசல் ஆயிலின் ஆயுளைப் பெரிதும் நிர்ணயித்தது. 1990-களின் நடுப்பகுதிவரை இந்திய டீசலில் 1 விழுக்காடு வரை, அதாவது 10,000 பிபிஎம் கந்தகத்துக்கு இடம் இருந்தது. கொல்கத்தா உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் பாரத் ஸ்டேஜ் 2 வந்தபோது அது 500 ஆனது. 2010-இல் ஸ்டேஜ் 4-க்கு 50. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் ஸ்டேஜ் 6-க்கு 10. ஒரு தலைமுறைக்குள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இடைவெளி நீண்டதற்கான புகழை ஆயில் கம்பெனிகள் முழுவதுமாக எடுத்துக்கொள்வதை இந்த எண்கள் அனுமதிக்கவில்லை. பெரும்பங்கு சுத்திகரிப்பு ஆலைகளுக்கும், பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு இன்ஜெக்‌ஷனுக்கும் உரியது.

கொல்கத்தா ஆட்டோக்களின் கதை இதே பாடத்தைத் தலைகீழாகச் சொல்கிறது. பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவில் இஞ்சின் ஆயில் மாற்றும் வேலையே கிடையாது. பெட்ரோலோடு கலந்த ஆயில் எரிந்து நீலப் புகையாகப் போய்விடும். அதோடு ‘காட்டா தேல்’ என்று வங்காளிகள் சொல்லும் கலப்பட எரிபொருள் தாராளமாகப் புழங்கியது. 15 ஆண்டு கடந்த வணிக வண்டிகளை விலக்கச் சொன்ன உயர் நீதிமன்றத்தின் 2008 ஆணையை ஒட்டி, 2009-இல் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் எல்பிஜி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு வழிவிட்டன. எரிவாயு கரியையும் திரவக் கசிவையும் ஆயிலில் சேர்ப்பதில்லை. ஆனால் எரிவாயு இஞ்சினின் சூடு ஆயிலை வேறு வகையில் கெடுக்கும்: ஆக்சிஜனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்து ஆயிலைத் தடிக்க வைக்கின்றன. கறுக்காமலே கெட்டுப்போகும் ஆயில் இது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யும் மெக்கானிக் அங்கே ஏமாறுவார். டீசல் வண்டியில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும் நல்ல ஆயிலைக் கண்டும் அவர் ஏமாறலாம். கரியைத் தன்னுள் தாங்கி வைப்பதுதான் அதன் வேலை.

சிந்தெடிக் தரப்பு சொல்வது

செயற்கை அடிப்படை எண்ணெய்கள் விமான இஞ்சின்களுக்காகவும் உறைபனிப் போர்க்களங்களுக்காகவும் வளர்ந்தவை. கார்களுக்கு அவை வந்தது 1970-களில். அமெரிக்காவின் ஆம்சாயில் 1972-இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) தரம் பெற்ற சிந்தெடிக் ஆயிலை வெளியிட்டு, 25,000 மைல் வரை மாற்றத் தேவையில்லை என்றது. எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் மொபில் 1 வந்தது. அவர்கள் வாதத்தின் உட்கரு வேதியியல். பூமியிலிருந்து எடுத்துப் பிரித்த கனிம எண்ணெயில் பல அளவு, பல வடிவ மூலக்கூறுகள் கலந்திருக்கும். அவற்றில் பலவீனமானவை சூட்டில் முதலில் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். ஒரே சீரான மூலக்கூறுகளால் ஆன பிஏஓ (பாலிஆல்ஃபாஓலெஃபின்) போன்ற எண்ணெய் சூட்டைத் தாங்கும், ஆவியாவது குறைவு, குளிரில் உறையாது. இதில் எதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்தச் சிறப்புகளில் எது கொல்கத்தாவில் காசாகிறது என்று கேட்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரியிலும் ஓடும் தன்மை, ஜனவரியிலும் 10 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஊரில் பயன்படாத சொத்து. சூட்டைத் தாங்கும் தன்மை மெய்யாகவே பயன்படுகிறது, அதுவும் டர்போ வைத்த இஞ்சினில். ஆனால் ஆயிலுக்குள் விழும் தூசு, கரி, நீர், பெட்ரோல் ஆகிய நான்கையும் அடிப்படை எண்ணெய் தடுப்பதில்லை. அவற்றைச் சமாளிப்பவை சேர்மங்களும் வடிகட்டியும்தான். நல்ல சேர்மங்கள் போட்ட கனிம ஆயில், சேர்மங்களில் கஞ்சத்தனம் செய்த சிந்தெடிக்கை இந்த விஷயத்தில் மிஞ்சலாம்.

பெயர்ச்சிக்கலும் உண்டு. கச்சா எண்ணெயையே ஹைட்ரஜனால் கடுமையாகப் பதப்படுத்திப் பெறும் மூன்றாம் தொகுதி எண்ணெயையும் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று மொபிலும் காஸ்ட்ராலும் மோதின; 1999-இல் அமெரிக்க விளம்பரத் துறையின் தீர்ப்பாயம் காஸ்ட்ரால் பக்கம் சாய்ந்தது. அதன்பின் கடைத்தட்டில் சிந்தெடிக் என்று எழுதியவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாம் தொகுதிதான். இது மோசடி அன்று. அந்த எண்ணெய் நன்றாகவே வேலை செய்கிறது. 2021 பிப்ரவரியில் ஹால்தியாவில் அடிக்கல் நாட்டப்பட்ட இரண்டாவது ஐசோ-டீவாக்சிங் பிரிவும் இப்படிப்பட்ட உயர்தர அடிப்படை எண்ணெயின் இறக்குமதியைக் குறைக்கும் நோக்கம் கொண்டதே. ஆனால் டப்பாவின் முகப்பில் உள்ள சொல் எந்த உறுதியையும் தருவதில்லை. பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள ஏபிஐ, ஐரோப்பிய ஏசியா (ACEA) தரக் குறியீடும், கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண்ணும்தான் சோதிக்கப்பட்டவை. போலி டப்பா பற்றிய ஐயம் உள்ள சந்தையில் அவையும் வாங்கும் கடையைப் பொறுத்தே மதிப்புப் பெறும்.

நியூயார்க் டாக்சிகள்

இந்த விவாதத்தில் இருதரப்பும் அதிகம் எடுத்துக்காட்டும் சோதனை, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 1996-இல் வெளியிட்டது. நியூயார்க்கில் 75 டாக்சிகளின் இஞ்சின்களைப் புதுப்பித்து, வெவ்வேறு ஆயில்களை ஊற்றி, மொத்தம் 45 லட்சம் மைல் ஓட்டி, பிறகு பிரித்து அளந்தார்கள். 3,000 மைலில் மாற்றியதற்கும் 6,000 மைலில் மாற்றியதற்கும் தேய்மானத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. சிந்தெடிக்கும் மற்றவற்றைவிடத் தனித்துத் தெரியவில்லை. நெரிசல் நகரத்து டாக்சியே 6,000 மைல், அதாவது ஏறத்தாழ 9,650 கிலோமீட்டர், தாங்குகிறது என்றால் கொல்கத்தா டாக்சிக்கு என்ன கேடு என்று கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு இருந்தது, அதை இதழே மறைக்கவில்லை. டாக்சி இரவும் பகலும் ஓடுவதால் இஞ்சின் ஆறுவதே அரிது. தேய்மானத்தின் பெரும்பங்கு குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பும் நேரத்தில் நடக்கிறது. நீரும் பெட்ரோலும் ஆயிலில் தங்குவதும் இஞ்சின் சூடேறாத குறும்பயணங்களில்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் பிறக்கிறது; சூடான இஞ்சின் தனக்குள் புகுந்ததை ஆவியாக வெளியேற்றிவிடும், ஆறிய இஞ்சின் வைத்துக்கொள்ளும். ஆகவே நியூயார்க் முடிவு கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிக்கும் செயலி வழி ஓடும் வாடகைக் காருக்கும் ஓரளவு பொருந்தும். சால்ட் லேக்கில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மீன் வாங்கித் திரும்பி, மாலைவரை நிழலில் நிற்கும் சொந்தக் காருக்குப் பொருந்தாது. குறைவாக ஓடும் கார்தான் ஆயிலை அதிகம் கெடுக்கிறது என்பதை உரிமையாளர்கள் நம்ப மறுக்கிறார்கள். கிலோமீட்டர் ஏறாத அந்த வண்டிக்கு நாட்காட்டிதான் அளவு, எந்த ஆயிலாக இருந்தாலும்.

டயோட்டாவின் அனுபவம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1997 முதல் 2002 வரையிலான அதன் சில இஞ்சின்களில் ஆயில் களிபோல் உறைவதாகப் புகார்கள் குவிந்தன. 2002-இல் நிறுவனம் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சிறப்புப் பாதுகாப்பை நீட்டித்தது. வடிவமைப்பில் சூடு தேங்கும் இடம் இருந்து, இடைவெளியும் நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. சராசரி இஞ்சினைப் பற்றிய சோதனை முடிவு, தனி இஞ்சினின் குறையை மன்னிக்காது.

மணிக்கணக்கும் மைல்கணக்கும்

டாம்டாம் நிறுவனத்தின் 2024 போக்குவரத்துக் கணக்கில் கொல்கத்தா உலகின் இரண்டாவது மெதுவான நகரம். 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 33 வினாடி. இந்த வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓடினால் இஞ்சின் ஏறத்தாழ 576 மணி நேரம் இயங்கியிருக்கும். துர்காபூர் விரைவுச்சாலையில் மணிக்கு 60 வேகத்தில் அதே தூரத்துக்கு 167 மணி போதும். இஞ்சின் ஓடிய மணியை மட்டும் பார்த்தால், நெடுஞ்சாலையின் 10,000 கிலோமீட்டருக்குக் கொல்கத்தாவில் ஈடு 2,900 கிலோமீட்டர்தான். பழைய 5,000 கணக்குக்கூடத் தாராளம் என்று தோன்றும்.

இந்தக் கணக்கை அப்படியே ஏற்பதும் சரியன்று. சிக்னலில் நிற்கும் இஞ்சின் மணிக்கு எரிக்கும் பெட்ரோல் மிகக் குறைவு, சுமையும் இல்லை. எரிந்த எரிபொருளை அளவாகக் கொள்வது இன்னும் நேர்மையான கணக்கு. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18-உம் நகரத்தில் 11-உம் தரும் காரை எடுத்துக்கொண்டால், 10,000 கிலோமீட்டருக்கு முறையே சுமார் 555 லிட்டரும் 909 லிட்டரும் எரியும். இந்த அளவின்படி ஈடு ஏறத்தாழ 6,100 கிலோமீட்டர். உண்மை 2,900-க்கும் 6,100-க்கும் இடையில், மேல்நுனிக்குப் பக்கமாக இருக்கக்கூடும். கார் கையேடுகள் பலவற்றின் பின்பக்கங்களில் ‘கடும் பயன்பாடு’ என்றொரு பட்டியல் இருக்கிறது: நின்று நின்று போகும் நெரிசல், குறும்பயணம், தூசு, நீண்ட நேரம் நிறுத்தாமல் இஞ்சினை ஓட விடுவது. இவற்றுக்கு இடைவெளியை ஏறத்தாழப் பாதியாக்கச் சொல்கிறார்கள். நம் கணக்கு அதோடு ஒத்துப்போகிறது. 10,000 என்று முன்பக்கத்தில் படித்தவர் பின்பக்கத்தைப் புரட்டினால், சீல்டாவிலும் படா பஜாரிலும் அவருடைய எண் 5,000-க்கு அருகில் வந்து நிற்கும். மெக்கானிக் சொன்ன எண் சரிதான். அவர் சொன்ன காரணம்தான் பழையது.

மணிக்கணக்கு இங்கே புதிதன்று. ஜெனரேட்டருக்கும் டிராக்டருக்கும் படகு இஞ்சினுக்கும் ஆயிலை ஓடிய மணியை வைத்தே மாற்றுகிறார்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களின் பிற்பகுதியிலேயே இஞ்சின் சுழற்சிகளையும் ஆயிலின் சூட்டையும் கணக்கிட்டு மாற்ற வேண்டிய நேரத்தைக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. பல இந்தியக் கார்களில் இன்றும் வெறும் கிலோமீட்டர் நினைவூட்டல்தான். தேவையான அளவீடுகள் எல்லாம் இஞ்சினின் கணினியில் ஏற்கெனவே இருக்கும்போது இது விந்தையாகவே படுகிறது.

செலவும் கழிவும்

நீண்ட இடைவெளிக்கு ஆதரவான வலுவான வாதம் உண்மையில் இஞ்சினைப் பற்றியது அன்று, சாக்கடையைப் பற்றியது. பழைய ஆயில் இந்தியாவில் அபாயக் கழிவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சிறு ஒர்க்‌ஷாப்புகளில் வடித்த ஆயில் சென்டரிங் பலகைக்குப் பூசப் போகிறது, உலையில் எரிகிறது, சில வேளை சாக்கடைக்கும் போகிறது. கொல்கத்தாவின் கழிவுநீரில் பெரும்பங்கு போய்ச் சேர்வது 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற 12,500 ஹெக்டேர் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களுக்கு. அந்த நீரில்தான் நகரத்துக்கு மீன் வளர்கிறது. சூரிய ஒளியும் பாசியும் அழுக்கைத் தின்னும் அந்த ஏரிகளுக்கு எண்ணெய்ப் படலம் நேர்ப்பகை. ஆகவே மாற்றும் தடவை குறைந்தால் நகரத்துக்கு நன்மை என்ற வாதத்தைத் தள்ள முடியாது. அதற்கு ஒரு எதிரெடை உண்டு: அதிக நேரம் ஓடிய ஆயிலில் புற்றுநோய் ஊக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் கூடுகின்றன. அளவு குறைந்து நச்சு செறிவாகும். இடைவெளியை நீட்டுவதைவிட, வடித்ததைத் திரும்பப் பெறுவது ஈரநிலத்துக்கு அதிகம் உதவும் என்றே தோன்றுகிறது. 2024 ஏப்ரல் 1 முதல் பழைய ஆயிலுக்கு வந்த தயாரிப்பாளர் பொறுப்பு விதி அந்தத் திசையில்தான் போகிறது.

செலவு வாதம் இதைவிடப் பலவீனம். இருமடங்கு விலையுள்ள ஆயிலை இருமடங்கு தூரம் ஓட்டினால் ஆயிலில் மிச்சம் எதுவும் இல்லை. ஃபில்டரும் கூலியும் ஒரு தடவை குறைகின்றன, அவ்வளவுதான். லாப நட்டம் பெரிதாவது லாரிகளிலும் பஸ்களிலும். ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்கு மேல் ஆயில், அதோடு வண்டி ஷெட்டில் நிற்கும் நாளின் வசூல் இழப்பு. அங்கே நீண்ட இடைவெளிக்கு மெய்யான பொருளாதாரம் இருக்கிறது.

சோதித்து மாற்றுவது

அத்தகைய பெரும் வண்டித் தொகுதிகளுக்கு ஊகம் தேவையில்லை. அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே 1940-களில் தொடங்கிய நிறமாலைச் சோதனை, ஆயிலில் கலந்த இரும்பு, செம்பு, ஈயம், சிலிக்கான் அளவுகளைக் காட்டி, எந்தப் பாகம் தேய்கிறது, தூசு எங்கே புகுகிறது என்று சொல்லும். இந்திய ரயில்வேயின் டீசல் ஷெட்டுகள் இதை நெடுநாளாகச் செய்கின்றன. பாகுநிலை, காரக் கையிருப்பு, கரி அளவு மூன்றையும் சேர்த்தால் ஒரு பஸ் டிப்போ தன் சொந்த இடைவெளியைத் தானே கண்டுபிடிக்கலாம். ஹவ்ரா பாலத்து நெரிசலில் ஊரும் வண்டிக்கும் திகா வரை போகும் வண்டிக்கும் ஒரே எண்ணைக் கட்டாயமாக்கத் தேவையில்லை. சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இது கட்டாது என்ற மறுப்பு சரி: சில நேரம் சோதனைக் கட்டணம் ஒரு ஆயில் மாற்றத்தின் செலவை எட்டிவிடும். அவருக்குக் கையேட்டின் கடும் பயன்பாட்டு எண்ணே போதுமான பாதுகாப்பு.

முடியாத கணக்குகள்

இதுவரையான சான்றுகள் அனுமதிக்கும் மதிப்பீடு இவ்வளவு: டர்போ இஞ்சினுக்குச் சிந்தெடிக் தன் விலையை ஈட்டுகிறது; இருந்தாலும் அதனால் கிடைக்கும் கூடுதல் தாங்கும் திறனைக் கொல்கத்தா நெரிசலே பெரும்பாலும் தின்றுவிடுவதால், அதை முழுவதும் கிலோமீட்டராக மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் தரை நகர்ந்துகொண்டிருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை ஈர்க்கும். சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைத் தெளிக்கும் புது இஞ்சின்களில் ஆயிலில் எரிபொருள் கலப்பது அதிகம். இரண்டும் ஆடி மாதத்து ஈரக்காற்றில் சேரும்போது இன்றைய 10,000 நிற்குமா என்பதைப் பல ஆண்டு ஓடிய வண்டிகளைப் பிரித்துப் பார்த்தே சொல்ல முடியும். ஹைப்ரிட் கார்களில் இஞ்சின் அடிக்கடி அணைந்து, முழுச் சூட்டை எட்டாமலே மீண்டும் கிளம்புகிறது. ஓடிய மணி குறைவு, ஈரம் அதிகம், ஆகவே மேலே போட்ட இரு கணக்குகளும் அங்கே உடைகின்றன. எரிபொருள் மிச்சத்துக்காக வந்த 0டபிள்யூ-16 போன்ற மெல்லிய ஆயில்களில், பெட்ரோல் கலந்து பாகுநிலை இன்னும் இறங்கினால் எஞ்சும் படலம் பேரிங்கைக் காக்குமா என்பதும் அதே வரிசையில் நிற்கிறது. மறுசுத்திகரித்த ஆயிலை ஒரு மாநிலப் போக்குவரத்துக் கழகம் துணிந்து வாங்கி, இரண்டு மூன்று மழைக்காலம் ஓட்டி, ஆய்வுக்கூட எண்களை வெளியிட்டால், கழிவு பற்றிய வாதத்தின் பாதியாவது ஊகத்திலிருந்து வெளியே வரும்.